மெஷினும் அமுதாவும் சேர்ந்து திட்டு வாங்கிய நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச்சொல்லி இக்பால் கேட்டான். உங்களுக்கு அவர் சார். எனக்கு இன்னும் அவன்தான். வில்லியனூர் கடைத்தெருவில் அவன் அப்பா ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். வளையல் பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவன் என்பதால் நிறம் பற்றிய வேலைக்குப் பொருத்தமானவன் என்று சொல்லித்தான் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் அவனை நிரல் எழுத எடுத்தார். "அறிவுரை மாதிரி ரெண்டு பக்கம் குடுங்க மேடம்" என்றான். எனக்கு அறிவுரை வராது. ஆரம்பித்தால் பாதியில் வம்பில் போய் நிற்பேன். அதனால் நேரே வம்பிலிருந்தே தொடங்குகிறேன், அறிவுரை வேண்டுமானால் நடுவில் எங்காவது தட்டுப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஊரில் யாராவது கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். நான் யோசிக்காமல் "கண்ணைப் பற்றின ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் தெருவில் நான் கண் டாக்டர். காய்கறி வாங்கப் போனால் கடைக்கார அம்மா தராசை நிறுத்திவிட்டுத் தன் இமையை விரித்துக் காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் தன் மாமியாரையே அழைத்து வந்துவிட்டார், கண்புரைக்கு. நான் பொறுமையாக உட்கார வைத்து விளக்கினேன்: கண்ணில் விழுகிற வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மூளை முதல் சில படிகளில் என்ன செய்கிறது, நிறத்தை எப்படிப் பிரிக்கிறது, ஒரு பொருளின் விளிம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதைக் கணக்காக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அவர் முழுவதையும் கேட்டு, தலையாட்டி, "அதெல்லாம் சரி, சொட்டு மருந்து காலையில வுடணுமா ராத்திரியிலயா?" என்றார்.

இந்தக் குழப்பம்தான் திருபுவனை முதலாளியையும் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது.

திருபுவனை தொழிற்பேட்டையில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. முகத்துக்குப் பூசும் கிரீம் டப்பாக்களுக்கு மூடி செய்து கொடுப்பார்கள். வெளிர் சாம்பல் நிற மூடிதான் அதிகம் ஓடும். இடையிடையே ரோஸ் நிற மூடியும் அதே மெஷினில் ஓட்டுவார்கள். ரோஸ் முடித்துச் சாம்பலுக்கு மாறும்போது உள்ளே மிச்சம் இருக்கிற ரோஸ் கொஞ்ச நேரம் கலந்து வரும். அப்படிச் சாயம் ஏறின மூடிகளைப் பொறுக்கித் தள்ளுவதற்கு ஒரு செக்கிங் மேசை, அந்த மேசைக்கு அமுதா.

அமுதா ஒதியம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். மூடியைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை ஒரு புகார் வந்ததில்லை. திடீரென்று ஒரு மாதமாக நல்ல மூடியையெல்லாம் கூடை கூடையாகக் கழித்துத் தள்ள ஆரம்பித்தாள். முதலாளி சத்தம் போட்டார். பயந்துபோய், எது வந்தாலும் சரி என்று அனுப்ப ஆரம்பித்தாள். அதில் நிஜமாகவே ரோஸ் ஏறின மூடிகளும் சேர்ந்து போய், வாங்கின கம்பெனிக்காரன் ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டான். சூப்பர்வைசர் அவளை இலவசக் கண் முகாமுக்கு விரட்டி ஒரு கண்ணாடி வாங்க வைத்தார். கண்ணாடி போட்ட பிறகும் அதே கதைதான்.

முதலாளி எங்களிடம் இரண்டு காரியத்துக்காக வந்தார். ஒன்று, இந்த அம்மாவின் கண்ணைச் சோதித்துச் சொல்ல வேண்டும். இரண்டு, கண் போய்விட்டது என்றால் அவளுக்குப் பதிலாகப் பார்க்கிற ஒரு மெஷின் வேண்டும். இரண்டாவதைக் கேட்டதும் எங்கள் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

தலைவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்குக் கூச்சம். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கரும்பலகையின் மேல் ஓரத்தில் ஒரு வாக்கியத்தை எழுதி, யாரும் அழிக்கக் கூடாது என்று சுற்றிலும் கட்டம் போட்டு வைத்திருந்தார்: "மனிதன் எங்கே ஏமாறுகிறானோ, அங்கே நம் மாடலும் ஏமாற வேண்டும்." சரியாகப் பார்க்கிற கேமரா சந்தையில் கிடைக்கும், நாம் செய்வது அது இல்லை, மனிதக் கண் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டோமா என்பதற்கு அது தவறுகிற இடத்தில் நாமும் தவறுவதுதான் அத்தாட்சி என்பார். அழகான கொள்கை. ஆனால் மனிதருக்குப் பல வருஷமாக ஒரு ஏக்கம் உண்டு. நம் மாடலை ஒரு தொழிற்சாலையாவது வாங்கிவிட்டால், எதற்கு இந்த ஆராய்ச்சி என்று மேலே இருப்பவர்கள் கேட்கும் கேள்வி நிற்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதனால் முதலாளியிடம், கேமராவோடு இந்த மாடலை இணைத்த எங்கள் மெஷின் மனிதக் கண்ணைப் போலவே பார்க்கும் என்று பெருமையாகச் சொன்னார். முதலாளி அதைத் தனக்கு வேண்டிய விதத்தில் கேட்டுக்கொண்டார். தூங்காத, பேசாத, பஸ்ஸைத் தவற விடாத மனிதக் கண் என்று.

மறுவாரம் அமுதா வந்தாள். கண்ணாடியை மூக்கில் போடாமல் தலையில் ஏற்றி வைத்திருந்தாள். எங்கள் இருட்டறையைப் பார்த்ததும் உள்ளே வர யோசித்தாள். நான் கூடவே உட்கார்ந்துகொண்டேன். திரையில் இரண்டு வட்டம் காட்டுவோம். இரண்டும் ஒரே நிறமா, வேறா என்று சொல்ல வேண்டும். வழக்கமாகக் கல்லூரிப் பிள்ளைகளை வைத்துத்தான் இதைச் செய்வோம். பாதி நேரம் அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு ஏதோ ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அமுதா அப்படி இல்லை. ஒவ்வொரு வட்டத்தையும் மருமகள் பார்க்கப் போன மாமியார் போலப் பார்த்தாள். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த மூடிகளையும் எங்கள் மேசையில் பரப்பி வைத்தோம். ரோஸ் ஏறினதை ஒன்று விடாமல் எடுத்துத் தனியே வைத்துவிட்டாள். அதே மூடிகளை எங்கள் கேமராவின் கீழே வைத்தபோது மெஷினும் ஒன்று விடாமல் பிடித்தது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

அமுதாவின் கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்று நானே சந்தோஷமாக எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு நல்லது செய்துவிட்டதாக நினைப்பு. மறுநாள் முதலாளி போனில் வந்தார்.

"கண்ணு நல்லாருக்குதுன்னா, அப்ப கவனம் இல்ல மேடம். கண்ணு கெட்டுப் போனவன்னா பாவம் பாக்கலாம். கவனம் கெட்டவளுக்கு எதுக்கு நானு சம்பளம் குடுக்கணும்?"

மெஷின் அவர் கம்பெனியிலேயே ஒருநாள் ஓடிக் காட்டட்டும், சரியாகப் பார்த்தால் அன்றோடு அமுதாவுக்குக் கணக்கு முடித்துவிடுகிறேன் என்றார். என் சான்றிதழ்தான் அவளைக் குழிக்குள் தள்ளியிருந்தது. அவளுடைய கணவன் கரும்பு லோடு ஏற்றும்போது விழுந்து இடுப்பில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறவன், மகள் நர்சிங் படிக்கிறாள் என்று இருட்டறையில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருந்தாள். நான்தான் பேச்சுக் கொடுத்துக் கேட்டிருந்தேன், பயம் தெளியட்டும் என்று.

ஓட்டிக் காட்டும் நாளன்று முதலாளி காரே அனுப்பிவிட்டார். தலைவர், இக்பால், நான், மடியில் கேமராப் பெட்டி. தலைவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார், அதை நான் கல்யாண வீடுகளில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கம்பெனி வாசலில் ஆயுத பூஜைக்குக் கட்டின வாழைமரம் காய்ந்து கருகி இன்னும் நின்றுகொண்டிருந்தது. எடுத்தால் ராசி போய்விடும் என்று எடுக்காமல் வைத்திருக்கிறார் என்று டிரைவர் சொன்னார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை.

செக்கிங் மேசையில் கேமராவைப் பொருத்தினோம். மாதிரி மூடி ஒன்றை எதிரே வெள்ளைச் சுவரில் ஆணியடித்து நூலில் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கும் பூஜையில் யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டைத் துடைத்துவிட்டு, சுவரில் தொங்கினபடியே அதை மெஷினுக்குக் காட்டினோம். இந்த நிறம்தான் சரி, இதற்கு மாறாக இருந்தால் சத்தம் போடு என்பது ஏற்பாடு. சத்தத்துக்கு இக்பால் ஒரு பஸ் ஹாரன் ஒலியை வைத்திருந்தான். கேட்டதற்கு, தொழிற்சாலை இரைச்சலில் கேட்க வேண்டாமா மேடம் என்றான்.

முதல் மூடியை வைத்தோம். ஹாரன் அடித்தது. முதலாளிக்கு மகிழ்ச்சி. பாருங்கள், முதல் மூடியிலேயே பிடித்துவிட்டது என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். இரண்டாவதுக்கும் அடித்தது. மூன்றாவதுக்கும் அடித்தது. பிறகு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, பஸ் ஸ்டாண்டில் நிற்பது போல இருந்தது. வேலையாட்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலாளி உள்ளே போய், தானே சோதித்து ஓகே செய்த ஒரு பெட்டியை எடுத்துவந்து, அதிலிருந்து ஒரு மூடியை வைத்தார். அதற்கும் அடித்தது.

மூலையில் நிற்க வைத்திருந்த அமுதா மெதுவாகக் கிட்ட வந்து மேசையை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை, ஒரு நிம்மதி இருந்தது.

"அதான் நானும் ஒரு மாசமா சொல்லிகினு கீறேன். அல்லாம் ரோஸ் அடிக்குதுன்னு."

முதலாளி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எங்களை. பிறகு ஆரம்பித்தது அர்ச்சனை. அமுதாவுக்கு ஒரு வாக்கியம், மெஷினுக்கு ஒரு வாக்கியம் என்று மாற்றி மாற்றி வந்தது. நடுவில் தலைவருக்கும் இரண்டு கிடைத்தது. ஏமாற்றுக்காரர்கள் என்ற சொல் மட்டும்தான் வரவில்லை, அதற்கு முந்தின ஸ்டாப்பில் நின்றது.

முதலாளி ஒரு போன் வந்து நகர்ந்த நேரத்தில் தலைவர் என்னையும் இக்பாலையும் ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்தார். கல்யாணச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாடலில் ஒரு படி உண்டு, உங்களுக்குத் தெரியும்: விழித்திரையில் இருப்பது போலவே, ஒவ்வொரு செல்லும் தனக்கு வந்த வெளிச்சத்தை மட்டும் சொல்லாது, பக்கத்தில் இருப்பவற்றுக்கு வந்ததைக் கழித்துவிட்டுத்தான் சொல்லும். நம் தெருவில் ஒருவன் சம்பளம் நல்ல சம்பளமா என்பது பக்கத்து வீட்டுக்காரன் சம்பளத்தைப் பொறுத்தது இல்லையா, அப்படி. அந்தப் படியை இன்றைக்கு மட்டும் நிறுத்திவிடலாம் என்றார் தலைவர். நிறுத்திவிட்டால் மெஷின் வெறும் கேமரா. மூடியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே சொல்லிவிடும். ஒரு வரியைத் தள்ளி வைத்தால் போதும், இக்பாலுக்குக் கண் மூடித் திறக்கிற நேரம்.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அந்த வசவை வாங்கிப் பார்த்திருந்தால் உங்களுக்கும் இருந்திருக்கும். இக்பால் விரல்களை மடிக்கணினி மேல் வைத்துக்கொண்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தூணுக்கு அந்தப் பக்கம் அமுதா தன் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் சரியாகிவிட்டால் அவள் அந்தப் பையோடு அப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கரும்பலகையில் இருப்பது என்ன சார் என்று தலைவரிடம் கேட்டேன். அதோடு விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் அமுதா சரியாகப் பார்த்தாள், மெஷினும் சரியாகப் பார்த்தது. இங்கே வந்ததும் அமுதா தப்பாகப் பார்க்கிறாள், மெஷினும் தப்பாகப் பார்க்கிறது, அதுவும் அதே தப்பு. இரண்டுமே பொய் சொல்ல வாய்ப்பில்லை. அப்படியானால் இந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, அதைப் பார்க்காமல் நிரலில் கை வைக்காதீர்கள் என்றேன். டீ நேரம் வரை அவகாசம் கேட்டேன். தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சரி என்றார்.

திரும்பி மேசையைப் பார்த்தேன். நிஜமாகவே அப்போதுதான் பார்த்தேன்.

மேசை கிளிப்பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, நடு மதியத்தில் கண்ணைக் குத்துகிற பச்சை. ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலிருந்து கீழ்வரை எனாமல் பெயிண்ட். நாங்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் நிறத்தைப் பற்றி டாக்டர் பட்டம் வாங்கினவர்கள், ஒரு மணி நேரமாக அந்த மேசை மேல் கை ஊன்றி, கேமராவுக்கு ஸ்க்ரூ முடுக்கி, மூடி வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம். பச்சைக்கு நடுவே வைத்த சாம்பல் நிறம் லேசாக ரோஸ் அடித்துத் தெரியும் என்பது நான் வகுப்பில் முதல் நாள் நடத்துகிற பாடம். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. வசவு வாங்கி இந்த அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சூப்பர்வைசர் நினைத்திருப்பார்.

இந்த மேசை எப்போது பச்சையானது என்று அமுதாவைக் கேட்டேன். ஆயுத பூஜைக்கு என்றாள். முன்னே சாம்பல் ரப்பர் விரித்திருந்ததாம். சரக்கு எந்த இடத்திலிருந்து வெளியே போகிறதோ அந்த இடம் பச்சையாக இருந்தால் வியாபாரம் பெருகும் என்று வாஸ்து ஜோசியர் சொன்னதால் ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலாளி தன் கையாலேயே முதல் பெயிண்டைத் தொட்டு வைத்தாராம். அதற்குப் பிறகுதான் அவள் கண் கெட்டது, அவள் கணக்குப்படி.

தலைவருக்கு உயிர் வந்துவிட்டது. வசவெல்லாம் மறந்துபோய், முதலாளியைத் தேடிப் பிடித்து, விழித்திரையில் மையம் என்று ஒன்று, சுற்றுப்புறம் என்று ஒன்று என்று கையால் காற்றில் வட்டம் போட ஆரம்பித்தார். இரண்டாவது வட்டம் முடிவதற்குள் முதலாளி டீ குடிக்கப் போய்விட்டார். இங்கேதான் ஒரு விஷயம் நினைவில் வையுங்கள். கோபமாக இருப்பவரிடம் விளக்கம் எடுபடாது. அவர் கையில் மூடியைக் கொடுக்க வேண்டும்.

டீ முடிந்ததும் நான் போய், சார், மெஷினையும் நம்ப வேண்டாம், அமுதாவையும் நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள், உங்களைவிட இந்த மூடியை அறிந்தவர் யார் என்றேன். இப்படிச் சொன்னால் எந்த முதலாளியும் வருவார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். தோளில் வெள்ளைத் துண்டு. அவரே ஓகே செய்த பெட்டியிலிருந்து ஒரு கை மூடியை அள்ளி, பெட்டியை அவர் பார்க்காதபடி நகர்த்திவிட்டு, பச்சை மேசையில் பரப்பினேன். சுவரில் தொங்குகிற மாதிரியோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

"ரோசு. இதுவும் ரோசு. தோ, இதுவும். எந்த ஷிப்டுல ஓட்டினதுடா இது?"

நான் முதலாளியிடம் துண்டைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். மூடிகளைத் தூக்கிவிட்டு, துண்டை மேசை மேல் விரித்து, அதே மூடிகளை அதன் மேல் அவர் கண் முன்னாலேயே வைத்தேன். இக்பால் கேமராவை ஓடவிட்டான். ஹாரன் அடிக்கவில்லை.

முதலாளி துண்டின் ஓரத்தைத் தூக்கினார். ஒரு மூடியைப் பச்சையில் வைத்தார், ஹாரன். துண்டுக்கு நகர்த்தினார், அமைதி. பச்சை, ஹாரன். துண்டு, அமைதி. எத்தனை தடவை செய்தார் என்று தெரியாது, குழந்தை மின்விளக்கு ஸ்விட்சைக் கண்டுபிடித்தது போல விடவே இல்லை. சாப்பாட்டு மணி அடித்து வேலையாட்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். துண்டில் ஏதாவது தடவியிருக்கிறோமா என்று முகர்ந்துகூடப் பார்த்தார். அவர் துண்டுதானே, வியர்வை நாற்றம்தான் வந்திருக்கும். கடைசியில் திரும்பி வந்த லோடிலிருந்து நிஜமாகவே ரோஸ் ஏறின மூடி ஒன்றை எடுத்துத் துண்டு மேல் வைத்தோம். ஹாரன் அடித்தது, அதே நேரத்தில் பின்னாலிருந்து அமுதாவும் "அது ரிஜெக்ட்டு" என்றாள்.

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, தன் கண்ணும் போய்விட்டதா என்று கேட்டார். போகவில்லை, எல்லாக் கண்ணும் இப்படித்தான், பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் நிறம் சொல்லும், அமுதாவின் கண் சரியாக இருந்ததால்தான் ஏமாந்தது என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷம் படித்தேனோ என்று அப்போது தோன்றியது.

பிரச்சனை அதோடு முடியவில்லை. பச்சையை மாற்ற மாட்டேன் என்றார். பெயிண்ட் அடித்த பிறகு இரண்டு புது ஆர்டர் வந்திருக்கிறதாம். ஒரு லோடு திரும்பி வந்ததை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அமுதாவைக் கேட்டால் அந்த மேசையில் உட்கார மாட்டேன் என்றாள். நான் முதலாளியிடம், ஜோசியரையே கேட்டுவிடுவோம் என்றேன். தலைவர் என்னை மூடநம்பிக்கைக்கு மாறிவிட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஸ்பீக்கரில் போட்டு முதலாளி விஷயத்தைச் சொன்னார். பெயிண்ட்மேல் கை வைக்காதே என்று ஜோசியர் சொல்லிவிட்டால் விழித்திரை செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஜோசியர் நீண்ட நேரம் யோசித்தார். பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"பச்ச இருக்கணும்னுதான் நானு சொன்னன். அத்தப் பாத்துகினே இருக்கணும்னு சொல்லலியே. மேல ஒரு வெள்ளத் துணி போட்டுக்க, அடியில அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இதைவிட நல்ல தீர்வை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. அன்று மாலையே மேசைக்கு வெள்ளைத் துணி வந்தது. அதை வாரத்துக்கு ஒருமுறை துவைப்பதும் இனிமேல் அமுதா வேலை என்று சூப்பர்வைசர் சொல்ல, அவள் முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பைக் கேட்டபோதுதான் அவள் வேலை பிழைத்தது எனக்கு உறுதியானது. போகிறவள் துணி துவைப்பதைப் பற்றிச் சண்டை போட மாட்டாள்.

இப்போது தலைவர் மெல்லக் கனைத்துக்கொண்டு, மெஷினை என்றைக்குப் பொருத்தலாம் என்று கேட்டார். முதலாளி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். நல்ல மனிதர், கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தம்மா ஏமாந்த எடத்துல ஒங்க மிஷினும் ஏமாந்துச்சி. இந்தம்மா சரியா பாத்த எடத்துல அதுவும் சரியா பாத்துச்சி. இந்தம்மாதான் ஏற்கெனவே இருக்குதே, அது இன்னாத்துக்கு?"

நாற்பது வருஷ ஆராய்ச்சிக்கு அதைவிடப் பெரிய பாராட்டைத் தலைவர் வாங்கியதில்லை. அதைவிடப் பெரிய அடியும் வாங்கியதில்லை. அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு சத்தம் வந்தது. இக்பால் மடிக்கணினியை மூடிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. பக்கத்தில் இருப்பதைக் கழிக்கிற அந்த ஒரு வரி இன்றும் நிரலில் அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள். யாராவது உங்களை அவசரத்தில் அதை நிறுத்தச் சொன்னால், முதலில் மேசை என்ன நிறம் என்று பாருங்கள்.

மெஷினை வாங்கவில்லை என்றானதும் திரும்பக் காரும் கிடையாது. கம்பெனி பஸ்ஸிலேயே வில்லியனூர் வரை வந்தோம். ஷிப்ட் முடிந்த கூட்டம், நிற்கத்தான் இடம். தலைவர் கல்யாணச் சட்டையோடு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். மேலே இருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்திருப்பார். கேமராப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொருவர் மேல் சாய்ந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அமுதா பார்த்துவிட்டாள். நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது நம் பஸ்ஸில் வழக்கம்தானே. கையை நீட்டினாள்.

"குடு மா இப்டி. பாவம், காலையிலேருந்து ஏங்கூட சேந்து அதுவும் திட்டு வாங்குச்சி."

பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்து, குலுங்காமல் இருக்க மேலே ஒரு கையைப் போட்டுக்கொண்டாள். வில்லியனூர் வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.